சாவி மட்டும் போதும்: மோட்டார் சைக்கிளில் கராஜ் ரிமோட்டை இணைத்த ஒரு நிகழ்வின் ஆய்வு

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு வடக்கே இருக்கும் பிளேனோவில் பல வீடுகளின் கராஜ் தெருப்பக்கம் இருப்பதில்லை. வீட்டின் பின்புறமாக ஓடும் குறுகிய சந்துக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரு சிறு ஏற்றத்தில் ஏறித்தான் கராஜ் வாசலுக்கு வரவேண்டும். காரில் வருபவருக்கு இது பொருட்டே அல்ல. கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கும் ரிமோட்டைத் தட்டினால் கதவு திறந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வருபவரோ ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, வலக்கையால் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இடக்கைக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஜாக்கெட்டின் உள்பையைத் துழாவி ரிமோட்டை எடுக்கவேண்டும். மழையிலும், வண்டி இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக இருக்கும்போதும் இது எரிச்சல் தரும் வேலை மட்டுமல்ல, வண்டி சாய்ந்துவிடக்கூடிய வேலையும்கூட.

இந்த ஆய்வுக்கு உரிய வண்டி என் நண்பருடையது. ஹோண்டா தயாரிப்பு, 12 வோல்ட், 11 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்டது. நண்பர் மதுரைக்காரர், மென்பொருள் வேலை, சாலிடரிங் இரும்பைக் கையில் எடுக்கத் தயங்காதவர். ரிமோட்டை வண்டியின் மின்சுற்றோடு இணைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று அவரே ஒரு ஏற்பாட்டைச் செய்துகொண்டார். அது பழுதானபின் நான் இரண்டாவது ஏற்பாட்டைச் செய்தேன். அதுவும் தவறாக முடிந்தது. மூன்றாவதுதான் நிலைத்தது. மூன்றையும் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம், முதல் இரண்டும் இன்றும் பலர் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகள் என்பதுதான்.

முதல் ஏற்பாடு

நண்பரிடம் சாவிக்கொத்தில் மாட்டும் அளவிலான கூடுதல் ரிமோட் ஒன்று இருந்தது. சி.ஆர். 2032 எனப்படும் 3 வோல்ட் காசு வடிவ பேட்டரியில் இயங்குவது. அவர் அதன் உறையைக் கழற்றி, பொத்தானின் இரு முனைகளையும் நிரந்தரமாக ஒட்டிச் சாலிடர் செய்துவிட்டார். அதாவது ரிமோட்டைப் பொறுத்தவரை பொத்தான் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும்; மின்சாரம் வந்தால் ஒலிபரப்பும், நின்றால் நிற்கும். அந்த மின்சாரத்தை முகப்பு விளக்கின் ஹைபீம் ஒயரிலிருந்து எடுத்தார். ஹோண்டா வண்டிகளில் அது வழக்கமாக நீல நிறம். லோபீம் வெள்ளை, எர்த் பச்சை. 12 வோல்ட்டை 3 வோல்ட்டாகக் குறைக்க எல்.எம். 317 என்ற ரெகுலேட்டரையும் 240 ஓம், 330 ஓம் மின்தடைகள் இரண்டையும் பயன்படுத்தினார். கணக்கு சரியே: 330-ஐ 240-ஆல் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, 1.25 வோல்ட்டால் பெருக்கினால் 2.97 வோல்ட் வரும்.

பயன்பாடும் எளிது. கராஜ் முன்னால் வந்து, இடதுகைக் கட்டைவிரலால் ஹைபீமை ஒருமுறை தட்டிவிட்டு அணைத்தால் கதவு திறக்கும். கையுறையைக் கழற்ற வேண்டியதில்லை, ஹேண்டில்பாரில் புதிதாக ஒரு பொத்தானும் வேண்டியதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. இந்த நேர்த்திதான் இந்த முறையைப் பரவலாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் பார்த்தபோது நானும் பாராட்டினேன்.

முறைப்பாடு

சில வாரங்களில் நண்பர் தொலைபேசியில் சொன்னது இது: "அண்ணே, சில நாள் ஒரு தடவை அடிச்சாலே கதவு திறக்குது. சில நாள் ரெண்டு தடவை அடிச்சாத்தான் கேக்குது. எந்த நாள் எப்படின்னு புரியல."

பேட்டரி வலுவிழந்தால் இப்படி ஆகும் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் ரிமோட்டில் பேட்டரியே இல்லை. தூரம் காரணமா என்று பார்த்தால், அதே இடத்தில் நின்றுதான் தட்டுகிறார். நான் அவரிடம் ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதச் சொன்னேன். குறிப்பில் ஒரு ஒழுங்கு தெரிந்தது: அலுவலகம் போய்வரும் நாட்களில் ஒரு தட்டு போதுமாக இருந்தது. ஞாயிறு இரவு டெக்சோமா ஏரிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது மட்டும் இரண்டு தட்டு தேவைப்பட்டது.

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் அந்தச் சம்பவமும் நடந்தது. இரண்டு தட்டுப் பழக்கம் கைக்கு வந்துவிட்டதால், ஒரு வேலைநாள் மாலையில் நண்பர் வழக்கம்போல இரண்டுமுறை தட்டினார். முதல் தட்டுக்கே கதவு எழத் தொடங்கியது. இரண்டாவது தட்டு அதை முக்கால் உயரத்தில் நிறுத்தியது. அவர் அதைக் கவனிக்காமல் வண்டியை உள்ளே உருட்டினார். முன்சக்கரம் வாசலைக் கடந்தபின்தான் கதவின் விளிம்பு ஹெல்மெட் உயரத்தில் நிற்பதைப் பார்த்து பிரேக்கைப் பிடித்தார். மிச்சத்தையும் திறக்கவேண்டும் என்று மூன்றாவது முறை தட்டினார். கதவு மேலே போவதற்குப் பதிலாகக் கீழே இறங்கியது. அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். கதவின் கீழ்விளிம்பு பெட்ரோல் டேங்கில் மோதி, திரும்பி மேலே ஏறியது. அவருக்குக் காயமில்லை, டேங்கில் ஒரு கீறல். விரல் அளவு முன்பின் ஆகியிருந்தால் கைகளின் மேல் இறங்கியிருக்கும்.

இரண்டு தட்டு ஏன் தேவைப்பட்டது

பழைய கராஜ் ரிமோட்டுகளில் சிறு சிறு சுவிட்சுகளின் வரிசை ஒன்று இருக்கும். அவற்றை மேலும் கீழும் தள்ளிக் குறியீட்டை அமைக்கவேண்டும். குறியீடு மாறாது. 12 சுவிட்சு என்றால் மொத்தமே 4096 குறியீடுகள்தான். 2015-இல் சாமி காம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், கைவிடப்பட்ட குழந்தைகள் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, இத்தகைய கதவுகளைச் சில வினாடிகளில் திறந்து காட்டினார். நண்பரின் வீட்டுக் கதவு அந்த வகை அல்ல. அது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் குறியீடு மாறும் கீலாக் முறையைச் சேர்ந்தது.

இந்த முறையில் ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி, அதாவது கவுண்டர், இருக்கிறது. பொத்தானை அமுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஒன்று கூடி, மறையாக்கம் செய்யப்பட்டு ஒலிபரப்பாகிறது. கதவின் மோட்டாரில் உள்ள ஏற்பி, கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. வந்த எண் அதைவிட 16 வரை முன்னால் இருந்தால் உடனே கதவைத் திறக்கிறது. ஏனென்றால் மனிதர்கள் கதவு இல்லாத இடத்தில் எப்போதாவது பொத்தானை அமுக்கிவிடுவார்கள் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். 16-ஐத் தாண்டி, ஆனால் சுமார் 32 ஆயிரத்துக்குள் இருந்தால், ஏற்பி ஐயப்படுகிறது. உடனே திறக்காமல், அடுத்தடுத்த இரண்டு எண்கள் வரும்வரை காத்திருக்கிறது. அதற்கும் அப்பால் போய்விட்டால் ரிமோட்டை மறுபடியும் மோட்டாருக்கு அறிமுகப்படுத்தவேண்டும்.

இப்போது ஞாயிறு இரவை எண்ணிப்பாருங்கள். டெக்சோமா ஏரியிலிருந்து கிராமப்புறச் சாலைகள் வழியாகத் திரும்பும்போது விளக்குக் கம்பங்கள் கிடையாது. எதிரே வண்டி வரும்போதெல்லாம் ஹைபீமைத் தாழ்த்தி, அது கடந்தபின் மறுபடி ஏற்றவேண்டும். 500 அடிக்குள் எதிர்வண்டி வந்தால் தாழ்த்தவேண்டும் என்பது டெக்சாஸ் சட்டமும்கூட. ஹைபீம் ஒவ்வொரு முறை எரியும்போதும் ரிமோட் ஒருமுறை "அமுக்கப்பட்டது". இருபது, முப்பது முறை ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது ரிமோட்டின் எண்ணி, ஏற்பி கடைசியாகக் கேட்ட எண்ணைவிட 16-க்கும் மேல் முன்னே போயிருந்தது. ஆகவே முதல் தட்டை ஏற்பி கேட்டும் கேளாததுபோல் இருந்தது. இரண்டாவது தட்டில் நம்பியது. வேலைநாட்களில் டாலஸ் நகரின் வெளிச்சத்தில் ஹைபீமே தேவைப்படுவதில்லை. எனவே ஒரு தட்டே போதுமாக இருந்தது. எந்த உறுப்பும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் வடிவமைத்தபடியே வேலை செய்தது.

கதவு இறங்கியதற்கும் இதே விடைதான். இத்தகைய மோட்டாருக்கு ரிமோட் தருவது "திற" என்றோ "மூடு" என்றோ இரண்டு வேறு கட்டளைகள் அல்ல, ஒரே கட்டளைதான். நின்றால் நகரும், நகர்ந்தால் நிற்கும், திறக்கும் வழியில் நிறுத்தப்பட்டிருந்தால் அடுத்த முறை மூடும். எனவே ஒரு தட்டு கூடுதலானால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

ஒளிக்கற்றை ஏன் காக்கவில்லை

1993 ஜனவரி முதல் அமெரிக்காவில் தயாரிக்கப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு, கதவு மோதினால் திரும்பும் ஏற்பாட்டோடு, வாசலின் இருபுறமும் எதிரெதிரே ஒளிக்கற்றைக் கண்கள் போன்ற இரண்டாவது பாதுகாப்பும் கட்டாயம். கற்றை மறைக்கப்பட்டால் இறங்கும் கதவு நின்று மேலே திரும்பும். ஆனால் அந்தக் கண்கள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் பொருத்தப்படுகின்றன. தவழும் குழந்தையையும் தரையில் கிடக்கும் பொருளையும் மனதில் வைத்து வகுத்த உயரம் அது. காருக்கும் அது பொருந்தும், ஏனென்றால் காரின் சக்கரங்கள் கடக்கும்போது கற்றை மறைகிறது. கார் மெதுவாகப் போனாலும் நடுவில் நின்று யோசிப்பதில்லை.

மோட்டார் சைக்கிளின் நிலை வேறு. முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே என்று வண்டி நின்றால், இரு சக்கரங்களுக்கும் நடுவே எஞ்சினின் அடிப்பகுதி தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் வண்டிகளில் கற்றை தடையின்றி அதன் கீழாகப் போய்விடும். நண்பரின் வண்டியில் அளந்தபோது 16 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. மோட்டாருக்கு வாசல் காலியாகத் தெரிந்தது. அவரைக் காத்தது மோதினால் திரும்பும் ஏற்பாடு மட்டுமே. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் தங்கள் வாசலில் இதை ஒருமுறை வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். கதவைச் சுவர்ப் பொத்தானால் இயக்கி, கையைப் பொத்தானிலேயே வைத்திருந்து, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு பார்க்கவேண்டும்.

ரிமோட்டின் முடிவு

சம்பவத்துக்குப் பிறகு ஹைபீம் இணைப்பைக் கழற்ற முடிவு செய்தோம். கழற்றுவதற்குள் அதுவே செத்துப்போயிருந்தது. முகப்பு விளக்குக்குப் பின்னால் டேப் சுற்றித் திணிக்கப்பட்டிருந்த ரெகுலேட்டரைப் பிரித்தபோது, 330 ஓம் மின்தடையின் கால் ஒன்று முறிந்திருந்தது. மின்சுற்றுப் பலகை எதுவும் இல்லாமல் உறுப்புகளைக் காலோடு கால் முறுக்கிச் சாலிடர் செய்திருந்ததால், அதிர்வில் உலோகம் களைத்து ஒடிந்துவிட்டது. எல்.எம். 317-இல் எர்த்துக்குப் போகும் இந்த மின்தடைதான் வெளியீட்டைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. அது அறுந்தால் வெளியீடு சுழியாவதில்லை; உள்ளீட்டை ஒட்டிப் பறக்கிறது. எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டுக்கு மேல். 3 வோல்ட்டுக்கு உரிய ரிமோட்டுக்கு 12 வோல்ட்டுக்கும் மேல் போயிருக்கிறது.

சட்டத்தின் பக்கமிருந்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். இவ்வகைக் கையியக்க ஒலிபரப்பிகளுக்கான அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி, பொத்தானை விட்ட 5 வினாடிக்குள் ஒலிபரப்பு தானாக நிற்கவேண்டும் என்கிறது. சாலிடர் வைத்து அடைக்கப்பட்ட பொத்தானுக்கு "விட்டது" என்று ஒரு கணமே கிடையாது. இரவு முழுக்க ஹைபீமோடு ஓட்டினால், உள்ளே இருக்கும் சில்லு தானே சலித்து நிறுத்தும்வரை அது கத்திக்கொண்டிருக்கும். சில கீலாக் சில்லுகளில் சுமார் 25 வினாடியில் நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதை நம்பி இருப்பது வடிவமைப்பு ஆகாது.

இரண்டாவது ஏற்பாடு, என் தவறு

புதிய ரிமோட் ஒன்றை வாங்கி மோட்டாருக்கு அறிமுகப்படுத்தினோம். இம்முறை ஹைபீமைத் தொடவில்லை. ஹேண்டில்பாரில் தனியாக ஒரு பொத்தான். அது ஒரு சிறு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இயக்கும். ரிலே ரிமோட்டின் பொத்தான் முனைகளை இணைக்கும். எண்ணி இனி வேண்டாத நேரத்தில் ஓடாது. ரெகுலேட்டரைச் சிறு பலகையில் சாலிடர் செய்து எப்பாக்ஸி ஊற்றி இறுக்கினேன். 1 ஆம்பியர் ஃபியூஸும் போட்டேன். ஆனால் ரிமோட்டின் 3 வோல்ட்டை இன்னமும் வண்டியிடமிருந்துதான் எடுத்தேன், அதுவும் பேட்டரியிலிருந்து நேரடியாக. காசு பேட்டரியை மாற்றும் வேலை மிச்சம் என்பது என் கணக்கு. வண்டியிலேயே ஒரு பெரிய பேட்டரி இருக்கும்போது அதற்குள் இன்னொரு சிறு பேட்டரி எதற்கு என்ற எண்ணம் மின்னணுவியல் தெரிந்தவர்களுக்கு இயல்பாகவே வரும். அந்த எண்ணம்தான் இடறியது.

டிசம்பர் நடுவில் நண்பர் குடும்பத்தோடு மதுரைக்குப் போனார். பொங்கல் முடிந்தபின், புறப்பட்டு 35 நாள் கழித்துத் திரும்பினார். குளிரான ஒரு ஜனவரிக் காலையில் ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கியபோது ஸ்டார்ட்டர் ரிலேயின் டிக் டிக் ஓசை மட்டும் கேட்டது. பேட்டரி 11.9 வோல்ட் காட்டியது.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி மல்டிமீட்டரை நடுவில் வைத்து அளந்தோம். சாவி அணைந்த நிலையில் 6.4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. என் ஃபியூஸை உருவியதும் 1.2-ஆக இறங்கியது, அது கடிகாரம் முதலியவற்றுக்கான வண்டியின் சொந்தச் செலவு. மிச்சம் 5.2 மில்லி ஆம்பியர் முழுவதும் என்னுடையது. ரிமோட் அதில் எதையும் எடுக்கவில்லை. சும்மா இருக்கும்போது அதன் தேவை மைக்ரோ ஆம்பியர் அளவுதான். எடுத்தது அந்த 240 ஓம் மின்தடை. அதன் இரு முனைகளுக்கிடையே 1.25 வோல்ட்டை எல்.எம். 317 எப்போதும் காத்து நிற்கும், 1.25-ஐ 240-ஆல் வகுத்தால் 5.2 மில்லி ஆம்பியர். யாரும் பொத்தானை அமுக்காவிட்டாலும் அது வெறுமனே எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 125 மில்லி ஆம்பியர்-மணி. 35 நாளைக்கு 4.4 ஆம்பியர்-மணி. 11 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு. பேட்டரிக்கு ஏற்கெனவே வயதாகியிருந்தது, குளிர் வேறு. மிச்சமிருந்தது எஞ்சினைச் சுழற்றப் போதவில்லை.

வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட, சும்மா இருக்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்களோடு நின்றுவிடும் ரெகுலேட்டர்கள் உண்டு. எல்.எம். 2936 அப்படிப்பட்டது. அதைப் போட்டிருந்தால் இந்தக் கசிவு நின்றிருக்கும். முதலில் அதற்குத்தான் மாறலாம் என்று உறுப்புகளுக்கு ஆர்டர் போட உட்கார்ந்தேன். அப்போதுதான், செய்திருக்கவேண்டிய முதல் கணக்கைக் கடைசியாகச் செய்தேன்.

சி.ஆர். 2032 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. ரிமோட் ஒலிபரப்பும்போது எடுப்பது ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர் என்று அளந்து தெரிந்துகொண்டோம். ஒரு தட்டுக்கு ஒரு வினாடி, நாளைக்கு நான்கு தட்டு என்றால் நாளொன்றுக்கு 0.013 மில்லி ஆம்பியர்-மணிதான் செலவு. 220-ஐ அதனால் வகுத்தால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. அதாவது அந்தக் காசு பேட்டரி பயன்பாட்டால் தீராது, முதுமையால்தான் தீரும். நான் வண்டியின் பேட்டரியிலிருந்து ஒரு நாளில் வீணாக்கிய மின்சாரம், இந்தச் சிறு பேட்டரியில் பாதிக்கும் மேல். இத்தனை ரெகுலேட்டரும் ஃபியூஸும் எப்பாக்ஸியும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு காசு பேட்டரியை மாற்றும் ஐந்து நிமிட வேலையைத் தவிர்க்கத்தானே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

வண்டி தரக்கூடியது என்ன

அப்படியானால் ரிமோட்டை வண்டியோடு இணைக்கவே வேண்டாமா? ஹேண்டில்பாரில் ஒரு பட்டையால் கட்டிவைத்தால் போதாதா? போதாது, வெளியில் நிறுத்திய வண்டியிலிருந்து யாரும் அதைக் கழற்றிக்கொண்டு போகலாம், அல்லது வீட்டு வாசலிலேயே நிற்கும் வண்டியின் பொத்தானை அமுக்கிக் கராஜுக்குள், அதன் வழியாக வீட்டுக்குள், நுழையலாம். இங்குதான் வண்டியின் மின்சுற்று தரக்கூடிய ஒரே பயனுள்ள பொருள் இருக்கிறது. அது மின்சாரம் அல்ல, சாவி. சாவி திருகப்பட்டிருந்தால் மட்டுமே பொத்தான் வேலை செய்யவேண்டும். மற்றபடி ரிமோட் தன் சொந்த பேட்டரியில், தன் சொந்த உறையில், வண்டியோடு மின்தொடர்பே இல்லாமல் இருக்கவேண்டும்.

மூன்றாவது ஏற்பாடு இதை மட்டும் செய்கிறது. ஹேண்டில்பாரில் நீர்புகாத சிறு அமுக்குப் பொத்தான். அதற்கான மின்சாரம் சாவி திருகினால் மட்டும் உயிர்பெறும் ஒயரிலிருந்து வருகிறது. ஹோண்டாவில் அது வழக்கமாகக் கறுப்பு, ஆயினும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தையும் மல்டிமீட்டரையும் கேட்காமல் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பொத்தானுக்குப் பின் 2.2 கிலோ ஓம் மின்தடை, அதன்பின் பி.சி. 817 என்ற ஆப்டோகப்ளர். இந்த உறுப்புக்குள் ஒரு சிறு எல்.இ.டி.யும் எதிரே ஒளியுணரும் டிரான்சிஸ்டரும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே போவது ஒளி மட்டுமே. வண்டியின் பக்கம் எல்.இ.டி. எரிந்தால் ரிமோட்டின் பக்கம் டிரான்சிஸ்டர் பொத்தானை "அமுக்குகிறது".

2.2 கிலோ ஓம் என்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் ஓடும்போது எல்.இ.டி. வழியே 6 மில்லி ஆம்பியர் போகும், அது போதுமானது. ஓடும் எஞ்சினில் பேட்டரி இணைப்பு கழன்றுபோவது போன்ற தருணத்தில் மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குத் துள்ளினாலும், மின்தடை அதை 27 மில்லி ஆம்பியருக்குள் கட்டிவிடும், எல்.இ.டி.யின் எல்லை 50. ரெகுலேட்டரும் மின்தேக்கியும் செய்யவேண்டிய காவலை இந்தச் சில காசு மின்தடை ஒன்றே செய்துவிடுகிறது. எதிர்த்திசை மின்னழுத்தத்தை எல்.இ.டி. 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், அதற்கு நேரெதிராக ஒரு 1என் 4148 டையோடும் சேர்த்தேன்.

ரிமோட் பக்கத்தில் ஒரு சோதனை அவசியம். சில ரிமோட்டுகளில் பொத்தான் சில்லுக்கு ஒரு சமிக்ஞை மட்டும் தரும்; அதில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், ஆப்டோகப்ளருக்கு அது சுமையே இல்லை. வேறு சிலவற்றில் பொத்தான்தான் பேட்டரியையே இணைக்கும். ரிமோட்டின் முழு மின்னோட்டமும் அதன் வழியே போகும். பொத்தானின் இரு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் வைத்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். இரண்டாம் வகையானால் 6 மில்லி ஆம்பியரில் ஓடும் ஆப்டோகப்ளரை நம்பாமல் சிறு ரிலேதான் சரி. நண்பருடையது முதல் வகை. டிரான்சிஸ்டருக்குத் திசை உண்டு. மின்னழுத்தம் கூடிய முனைக்கு அதன் கலெக்டர் என்ற காலை இணைக்கவேண்டும். மாற்றி வைத்தால் எதுவும் கருகாது, எதுவும் நடக்கவும் நடக்காது. நான் முதலில் மாற்றித்தான் வைத்தேன்.

பொத்தானுக்கு இடம்

பொத்தானை எங்கே வைப்பது என்பதற்கு நாங்கள் செலவிட்ட நேரம், சுற்றுக்குச் செலவிட்டதைவிட அதிகம். சில ஹோண்டா வண்டிகளில் ஹாரன் பொத்தான் இன்டிகேட்டர் சுவிட்சுக்கு மேலே இருக்கிறது. இன்டிகேட்டரை அணைக்கப்போய் ஹாரன் அடித்துவிட்டு வெட்கப்படாத ஓட்டுநர் குறைவு. அந்த நெரிசலுக்குள் இன்னொரு பொத்தானைச் செருகினால், பழைய கதை புதிய வடிவில் திரும்பும். ஆகவே கட்டைவிரல் தற்செயலாகப் போகாத இடமாக, ஹேண்டில்பாரின் நடுக்கவ்விக்கு அருகே, இடக்கையைப் பிடியிலிருந்து எடுத்தால் மட்டுமே எட்டும்படி வைத்தோம். வசதி சற்றுக் குறைவுதான். ஓடும்போது அமுக்கமுடியாது, நிறுத்தி நியூட்ரலில் போட்டபின்தான் அமுக்கமுடியும். கதவின் கீழே நின்றுகொண்டு அனிச்சையாக அமுக்கவும் முடியாது. ஹைபீமை இருமுறை மின்னவிட்டால் மட்டும் இயங்கும் தயாரிப்புகளும் கடைகளில் கிடைக்கின்றன; ஒற்றைத் தட்டைவிட அவை மேல். ஆனால் விளக்குக்கும் கதவுக்கும் ஒரே விரலசைவு என்ற அடிப்படை அங்கும் மாறவில்லை.

ரிமோட்டை இருக்கைக்கு அடியில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டு காரணங்களால் மாற்றினோம். டெக்சாஸ் கோடையில் நிழலிலேயே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் வெப்பமும் சேர்ந்து இருக்கைக்கு அடியில் 60 டிகிரியைத் தொடக்கூடும். காசு பேட்டரிகளின் வழக்கமான எல்லை அதுதான். மற்றொன்று அலைவீச்சு. இத்தகைய ரிமோட்டின் ஆண்டெனா என்பது பலகையில் அச்சிடப்பட்ட ஒரு சிறு வளையம். 315 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. அலையோடு ஒப்பிட்டால் அவ்வளவு சிறிய வளையத்துக்கு அருகே இரும்புச் சட்டம் வந்தால் அதன் இசைவு குலைகிறது. இரண்டாவது ஏற்பாட்டில் ரிமோட்டின் எதிர்முனையை வண்டியின் எர்த்தோடு சேர்த்திருந்தபோது, சந்தின் முனையிலிருந்து திறந்த கதவு ஏற்றத்தின் அடிக்கு வந்தபின்தான் திறந்தது. நீண்ட மின்கம்பிகளே ஆண்டெனாவின் பகுதியாகிவிட்டிருந்தன. ஒளியால் மட்டும் தொடர்புகொள்ளும் மூன்றாவது ஏற்பாட்டில், முன்புறப் பிளாஸ்டிக் முகப்புக்குள் உலோகத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தவுடன் பழைய தூரம் திரும்பக் கிடைத்தது. ஆப்டோகப்ளரை ரிமோட்டின் உறைக்குள்ளேயே அடக்கி, அதிலிருந்து வெளிவரும் இரு கம்பிகளை மட்டும் நீளமாக விட்டதும் இதற்கு உதவியது.

மற்றவை வழக்கமான வேலைகள். கம்பியில் கத்திபோல் வெட்டிப் பதியும் கிளிப்புகளைத் தவிர்த்து, சரியான டெர்மினல்களை அழுத்திப் பொருத்தி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டோம். ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பி, எந்தக் கம்பியும் இழுபடவில்லை என்று பார்த்தோம். தோட்டக் குழாயால் முகப்பை நனைத்தோம். சாவியை அணைத்துப் பொத்தானை அமுக்கினோம், கதவு அசையவில்லை. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தோம். வண்டியின் சொந்த 1.2 மில்லி ஆம்பியர் மட்டும் காட்டியது.

உள்ளே வந்து சாவியை அணைத்தபின் கதவை மூடுவதற்குச் சுவர்ப் பொத்தானிடம் நடந்து போகவேண்டியிருக்கிறது என்பது நண்பருக்கு இன்னும் மிச்சமிருக்கும் ஒரே குறை. அதைத் தீர்த்துத்தர நான் மறுத்துவிட்டேன். டேங்கின் கீறலை அவர் இன்னும் மெருகேற்றவில்லை. இரண்டு கோடைகள் கடந்தபின், சென்ற மாதம் முகப்பைக் கழற்றியபோது காசு பேட்டரியை அளந்து பார்த்தோம்: 2.98 வோல்ட்.